‘சமூகப் பணியாளர்’ என்பவர் யார்? ஒரு தேசியச் சட்டத்தால் என்ன மாறும்?

மருத்துவம் பார்க்க மருத்துவக் கவுன்சிலில் பதிவு வேண்டும். நீதிமன்றத்தில் வாதாட பார் கவுன்சிலில் பதிவு வேண்டும். ஆனால், ஒரு குழந்தையைப் பெற்றோரிடமே விட்டுவைக்கலாமா, காப்பகத்தில் சேர்க்க வேண்டுமா என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்வதற்கு அடிப்படையாக அமையும் அறிக்கையை எழுதும் சமூகப் பணியாளர், எந்தத் தொழில் பதிவேட்டிலும் இடம்பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்தியாவில் இல்லை. சமூகப் பணிக்குத் தனியாக ஒரு தேசியக் கவுன்சில் வேண்டும் என்ற கோரிக்கை பல பத்தாண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது, வரைவு மசோதாக்களும் சில எழுதப்பட்டுள்ளன, சட்டம்தான் வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தின் மூன்றாவது செவ்வாயன்று உலக சமூகப் பணி நாள் கடைப்பிடிக்கப்படும்போது இந்தக் கோரிக்கை மீண்டும் செய்தியில் இடம்பெறுகிறது. கூடவே சில கேள்விகளும் எழுகின்றன. சேவை செய்வதற்கு உரிமம் எதற்கு? 2021-இல் வந்த சுகாதாரத் தொழில்கள் சட்டத்திலேயே இது அடங்கிவிடவில்லையா? இப்படியொரு சட்டம் வந்தால் தொண்டு செய்பவர்கள் குற்றவாளிகளாகிவிடுவார்களா?

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது

தமிழில் மூன்று சொற்கள் ஒன்றுக்கு மற்றொன்றாகப் புழங்குகின்றன. ‘சமூக சேவகர்’ என்பவர் மனமுவந்து பிறருக்கு உதவுபவர். ‘சமூக ஆர்வலர்’ என்பவர் ஒரு பொதுப் பிரச்சினைக்காகக் குரல் கொடுப்பவர். ‘சமூகப் பணியாளர்’ என்பவர் சமூகப் பணியைப் பாடமாகப் படித்து, களப்பணிப் பயிற்சி பெற்று, அதையே ஊதியத்துக்குச் செய்யும் தொழிலாகக் கொண்டவர். முதல் இருவரும் செய்வது மதிப்புக்குரியது. அதை யாரும் ஒழுங்குபடுத்தத் தேவையில்லை. பதிவு பற்றிய பேச்செல்லாம் மூன்றாமவரைப் பற்றியது மட்டுமே.

இந்தியாவில் இந்தத் தொழில்முறைக் கல்வி 1936-இல் பம்பாயில் தொடங்கியது. அன்று சர் தொராப்ஜி டாடா பெயரில் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளிதான் 1944-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் மாறியது. மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் 1952-இல் சென்னையில் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் உருவானது. இன்று எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப் பணி முதுகலைப் பட்டம் தராத பெரிய பல்கலைக்கழகங்கள் குறைவு. தொண்ணூறு ஆண்டுகளாக இந்தக் கல்வி தரப்படுகிறது. ஆனால் அந்தப் பட்டம் பெற்றவரையும் பெறாதவரையும் வேறுபடுத்திக் காட்டும் பொதுச் சட்டம் ஒன்றுகூட இல்லை.

இதன் விளைவை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்திலேயே பார்க்கலாம். சட்டத்தோடு முரண்பட்டதாகக் கூறப்படும் சிறார்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் ஒரு நடுவரும் இரண்டு ‘சமூகப் பணியாளர்களும்’ இருப்பார்கள். அந்த இருவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று 4-ஆம் பிரிவு சொல்கிறது: குழந்தைகளின் உடல்நலம், கல்வி, நலப்பணி ஆகியவற்றில் ஏழாண்டு தீவிர ஈடுபாடு, அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் நடத்துபவராக இருத்தல். சமூகப் பணிப் பட்டம் இந்தப் பட்டியலில் இல்லை. ‘சமூகப் பணியாளர்’ என்ற பெயரிலுள்ள இருக்கைக்கான பட்டியலில் சமூகப் பணிப் படிப்பையே காணவில்லை! அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, குழந்தைகள் நலக் குழு உறுப்பினருக்கான தகுதிகளைச் சொல்லும்போது சமூகப் பணிப் பட்டத்தைக் குறிப்பிடுகிறது. ஒரே சட்டத்துக்குள் ஒரே தொழிலுக்கு இரண்டு பொருள் வந்திருக்கிறது. வரைந்தவர்களின் கவனக்குறைவு மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. எடுத்தாள ஓர் அதிகாரப்பூர்வ வரையறை எங்கும் இல்லாதபோது, எழுதும் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியதைத்தான் எழுதுவார்கள்.

பதிவுச் சட்டம் என்பதன் உறுப்புகள்

ஒரு தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் எந்த நாட்டில் இயற்றப்பட்டாலும் நான்கு வேலைகளைச் செய்கிறது.

1. நுழைவு: எந்தப் படிப்பு, எவ்வளவு களப்பயிற்சி, தேர்வு உண்டா இல்லையா என்பதை வரையறுக்கிறது.

2. பதிவேடு: தகுதி பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கிறது.

3. நடத்தை நெறி: இரகசியம் காத்தல், சேவை பெறுபவரைச் சுரண்டாமை, பதிவுகளை நேர்மையாகப் பேணுதல் போன்றவற்றை வெறும் அறிவுரையாக விடாமல் கடமையாக்குகிறது.

4. முறையீடு: நெறி மீறப்பட்டால் யாரிடம் புகார் செய்வது, யார் விசாரிப்பது, என்ன நடவடிக்கை எடுப்பது என்று வகுக்கிறது. எச்சரிக்கை முதல் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்குவது வரை அந்த நடவடிக்கை அமையலாம்.

முதல் மூன்றையும் ஒரு தொழிற்சங்கமோ பல்கலைக்கழகமோ ஓரளவு செய்துவிட முடியும். நான்காவதைச் சட்டத்தால் மட்டுமே செய்ய முடியும். சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் மறுநாளும் அதே வேலையைத் தொடரலாம். சட்டபூர்வப் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவரால் தொடர முடியாது.

இந்தத் தடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதில் இரண்டு வகை உண்டு. ஒரு பெயரைப் பதிவுபெற்றவர் மட்டுமே பயன்படுத்தலாம் என்பது பெயர்க்காப்பு. ஒரு செயலையே பதிவுபெற்றவர் மட்டும்தான் செய்யலாம் என்பது செயல்காப்பு. இந்தியாவிலேயே இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. 1972-ஆம் ஆண்டின் கட்டடக் கலைஞர்கள் சட்டம், பதிவு இல்லாதவர் ‘ஆர்க்கிடெக்ட்’ என்று தம்மை அழைத்துக்கொள்வதைத் தடுக்கிறதே ஒழிய, கட்டட வடிவமைப்பு வேலையைச் செய்வதைத் தடுக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் மாதத்தில் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: ஓர் அரசு அமைப்பு தன் பணியிடம் ஒன்றுக்கு ஆர்க்கிடெக்ட் என்று பெயரிட்டால், அந்தச் சட்டத்தின்படி தகுதி பெறாதவரை அந்த இடத்தில் அமர்த்த முடியாது.

சமூகப் பணியைப் பொறுத்தவரை முழுமையான செயல்காப்பு நடைமுறைக்கு ஒவ்வாதது. துயரப்படுபவரிடம் பேசுவது, ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பித் தருவது, பெண்கள் சுய உதவிக் குழுவைக் கூட்டுவது ஆகியவை சமூகப் பணியின் பகுதிகள்தாம். ஆனால் அவற்றை யாரும் செய்யலாம், செய்யவும் வேண்டும். எனவே பெயர்க்காப்பை அடித்தளமாக வைத்து, நீதிமன்றத்துக்கோ குழுவுக்கோ செல்லும் மதிப்பீட்டு அறிக்கைகள் போன்ற சில குறிப்பிட்ட செயல்களுக்கு மட்டும் செயல்காப்பு தருவதே பொருத்தமான வடிவம் என்பது என் கருத்து. தொண்டு செய்பவர்கள் குற்றவாளிகளாகிவிடுவார்களா என்ற அச்சத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

நாடாளுமன்றத்துக்கு இந்த அதிகாரம் உண்டா?

உண்டு. அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில் பொதுப் பட்டியலின் 26-ஆவது இனம் ‘சட்டம், மருத்துவம் மற்றும் பிற தொழில்கள்’ என்பதாகும். எனவே ஒன்றியமும் மாநிலங்களும் இதில் சட்டம் இயற்றலாம். எந்தத் தொழிலையும் நடத்தும் உரிமையை 19(1)(g) பிரிவு எல்லாக் குடிமக்களுக்கும் தருகிறது. அந்தத் தொழிலுக்குத் தேவையான தகுதிகளை அரசு விதிக்கலாம் என்று 19(6) அனுமதிக்கிறது. ஆக, சட்டம் வராததற்கு அரசமைப்புத் தடை காரணமன்று.

இன்று இருப்பவை துண்டுகள்

சட்டமே இல்லை என்பதும் சரியல்ல. தொழிலின் ஓரங்களைத் தொடும் சட்டங்கள் பல உண்டு.

மிகப் பழைய துண்டு, 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்களைக் கொண்ட ஆலைகளில் நல அலுவலர் நியமிக்கப்பட வேண்டும் என்று அதன் 49-ஆம் பிரிவு விதித்தது. சமூகப் பணி படித்தவர்களுக்கு ஆலை வாயிலைத் திறந்துவிட்டது அதுதான். எம்.எஸ்.டபிள்யூ. படிப்பில் மனிதவள மேலாண்மை ஒரு சிறப்புப் பிரிவாகப் பல கல்லூரிகளில் இன்றும் நீடிப்பதற்கான வேர் அங்கேதான் இருக்கிறது. ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் ஆளெடுப்பைக் கவனிக்கும் எம்.எஸ்.டபிள்யூ. பட்டதாரி பதிவு செய்ய வேண்டுமா என்பது வருங்கால மசோதா எதுவும் தவிர்க்க முடியாத கேள்வி.

இரண்டாவது, 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். ‘மனநல சமூகப் பணியாளர்’ என்பவருக்கு இது துல்லியமான வரையறை தருகிறது: சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும், மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சியை உள்ளடக்கிய இரண்டாண்டு முழுநேர எம்.ஃபில். பட்டமும் பெற்றவர். மாநில மனநல ஆணையங்கள் இவர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் இச்சட்டம் சொல்கிறது.

மூன்றாவதுதான் இப்போதைய குழப்பத்தின் நடுப்புள்ளி. இணை மற்றும் சுகாதாரப் பராமரிப்புத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், 2021, ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களைப் பத்து வகைகளாகப் பிரித்து அட்டவணையிட்டது. அதில் நடத்தைசார் சுகாதார அறிவியல் என்ற வகையின்கீழ்ச் சமூகப் பணியாளர்களும் இடம்பெற்றனர். மருத்துவச் சமூகப் பணியாளர், மனநல சமூகப் பணியாளர், சிகிச்சைசார் சமூகப் பணியாளர் ஆகியோர் அதில் அடங்குவர். தேசிய ஆணையம், மாநிலக் கவுன்சில்கள், மையப் பதிவேடு ஆகிய எல்லா உறுப்புகளும் இச்சட்டத்தில் உள்ளன. இதை வைத்துத்தான் ‘சமூகப் பணிக்குச் சட்டம் வந்துவிட்டது’ என்று பலர் எழுதினார்கள். வந்தது சுகாதாரத் துறையில் பணியாற்றும் சமூகப் பணியாளருக்கு மட்டுமே. ஒரே வகுப்பில் படித்து ஒரே நாளில் பட்டம் வாங்கிய இருவரில், அரசு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் சேர்ந்தவர் ஓர் ஆணையத்தின் நெறிகளுக்கு உட்படுகிறார். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சேர்ந்தவர் எதற்கும் உட்படுவதில்லை. முன்னவர் பின்னவரின் வேலைக்கு மாறினால், தொழிலில் இருந்துகொண்டே சட்டத்திலிருந்து வெளியேறிவிடுகிறார்.

பதினைந்து நாளில் ஓர் அறிக்கை

இந்த இடைவெளி காகிதத்தோடு நிற்பதில்லை என்பதைச் சமூக விசாரணை அறிக்கையை அருகிருந்து பார்த்தால் உணரலாம். சிறுவன் ஒருவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதன்முதலாக நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாட்களுக்குள் இந்த அறிக்கை தரப்பட வேண்டும். நன்னடத்தை அலுவலர் இதை எழுதுவார். அவர் இல்லாவிட்டால் குழந்தைகள் நல அலுவலரோ சமூகப் பணியாளரோ எழுதலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது.

இருசக்கர வாகனத் திருட்டு வழக்கில் சிக்கிய பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். அவனுடைய வீட்டுக்குச் செல்பவர் தெருவில் நின்றபடி அக்கம்பக்கத்தாரை விசாரித்தால், சிறுவனின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டம் போட்ட தடை அந்த நிமிடமே பொருளற்றுப் போகிறது. அம்மாவிடம் தனியாகப் பேச அவருக்குத் தெரியாவிட்டால், அப்பாவின் குடியும் அடியும் அறிக்கைக்குள் வராது. பள்ளிக்குப் போய்ப் பழைய வருகைப் பதிவைப் பார்த்தால்தான், அவன் படிப்பை நிறுத்திய மாதமும் தங்கை நோயுற்ற மாதமும் ஒன்றே என்பது தெரியவரும். இவை எதையும் செய்யாமல் ‘குடும்பச் சூழல் திருப்திகரமாக இல்லை’ என்று ஒரு வரியை எழுதி முடித்துவிடவும் முடியும். குழுமத்தின் முன் வைக்கப்படும் கோப்பில் அந்த ஒரு வரி, சிறுவன் வீடு திரும்புவதற்கு எதிரான சான்றாக நிற்கிறது.

அந்த வரி பொய்யென்றால் அந்தத் தாய் யாரிடம் போவார்? மேலதிகாரியிடம் புகார் தரலாம். குழந்தைகள் பாதுகாப்புக் கட்டமைப்பில் பணியாற்றுபவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். புகார் வலுத்தால் ஒப்பந்தம் முடிக்கப்படும். அந்த நபர் அடுத்த மாவட்டத்தில் வேறொரு நிறுவனத்தில் அதே பெயரில் அதே வேலையில் சேர்வதைத் தடுக்க எந்தப் பதிவேடும் இல்லை. புதிதாக வேலை கொடுப்பவர் சரிபார்க்கவும் இடமில்லை.

மறுபக்கமும் இதே அளவு முக்கியமானது. ‘இப்படி எழுதிக் கொடு’ என்று மேலிடத்திலிருந்து அழுத்தம் வரும்போது, நேர்மையான ஒப்பந்தப் பணியாளர் சுட்டிக்காட்டி மறுப்பதற்கு இன்று ஒரு சட்டபூர்வ நெறி இல்லை. ‘அப்படி எழுதினால் என் பதிவு போய்விடும்’ என்று சொல்ல முடிவது அவருக்கு ஒரு கவசம். பதிவுச் சட்டத்தைப் பணியாளர்மீதான கண்காணிப்பாக மட்டும் பார்ப்பவர்கள் இந்தப் பயனைத் தவறவிடுகிறார்கள்.

பிற நாடுகள் நடந்த வழி

பிலிப்பைன்ஸ் 1965-லேயே 4373-ஆம் எண் குடியரசுச் சட்டத்தின் மூலம் உரிமத் தேர்வையும், மேற்பார்வையின்கீழ் 1,000 மணி நேரக் களப்பயிற்சியையும் கட்டாயமாக்கியது. தென்னாப்பிரிக்காவின் சட்டம் 1978-ஐச் சேர்ந்தது. இந்தியாவுக்கு நேரடியாகப் பாடம் சொல்பவை வேறு இரண்டு நாடுகள்.

நியூசிலாந்து 2003-இல் பதிவுச் சட்டம் இயற்றியபோது பதிவை விருப்பத்துக்கு விட்டது. பதிவு செய்யாதவரும் சமூகப் பணியாளர் என்று தம்மை அழைத்துக்கொள்ளலாம். இதனால், நெறிக்கு உட்பட ஒப்புக்கொண்டவர்களை மட்டுமே முறையீட்டு அமைப்பால் விசாரிக்க முடிந்தது. கவனமாக இருப்பவரைக் கண்காணித்து, கவனமற்றவரை வெளியே விட்டுவைக்கும் ஏற்பாடு அது. 2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2021 பிப்ரவரி 27 முதல் பதிவு கட்டாயமானது. பட்டம் இல்லாமல் நீண்ட அனுபவத்தால் தேர்ச்சி பெற்றவர்களுக்கு அந்தச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு ஒரு வழியைத் திறந்து வைத்தது.

இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டின் பராமரிப்புத் தரங்கள் சட்டத்தின்கீழ்ச் சமூகப் பராமரிப்புக்கான பொதுக் கவுன்சில் அமைக்கப்பட்டது. 2005 ஏப்ரல் முதல் ‘சமூகப் பணியாளர்’ என்ற பெயர் காப்புக்குள் வந்தது. 2012-இல் அந்தக் கவுன்சில் கலைக்கப்பட்டு, பிசியோதெரபி போன்ற பல சுகாதாரத் தொழில்களை மேற்பார்வையிடும் பொது அமைப்பிடம் சமூகப் பணியாளர்களின் பதிவு ஒப்படைக்கப்பட்டது. ஏழாண்டுகளுக்குப் பிறகு, 2019 டிசம்பரில், சமூகப் பணிக்கென்றே உருவாக்கப்பட்ட ‘சோஷியல் வொர்க் இங்கிலாந்து’ என்ற தனி அமைப்பு அந்தப் பொறுப்பை ஏற்றது. சுகாதாரத் தொழில்களோடு சமூகப் பணியைச் சேர்த்துப் பார்த்த நாடு, பிறகு அதைப் பிரித்தெடுத்தது. குழந்தைப் பாதுகாப்பும் முதியோர் பராமரிப்பும் உடற்கூறு சார்ந்த தொழில்களின் அளவுகோலுக்குள் எளிதில் அடங்குவதில்லை. 2021-ஆம் ஆண்டின் சட்டத்தையே நீட்டித்து எல்லாச் சமூகப் பணியாளர்களையும் அதற்குள் கொண்டுவரலாம் என்று இந்தியாவில் சொல்பவர்கள் இந்த அனுபவத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் உள்ள நியாயம்

எதிர்ப்பு எல்லாம் அறியாமையால் வருவதன்று. மூன்று வாதங்கள் கனமானவை.

முதலாவது, நுழைவுத் தடை யாரை வெளியே நிறுத்தும் என்ற கேள்வி. அமெரிக்காவில் சமூகப் பணி உரிமங்களை மாநிலங்கள்தாம் வழங்குகின்றன. அங்குப் பல மாநிலங்கள் பயன்படுத்தும் பொதுத் தேர்வின் தேர்ச்சி விவரங்கள் 2022-இல் வெளியானபோது, வெள்ளையர்களுக்கும் கறுப்பினத்தவர்களுக்கும் இடையே பெரிய இடைவெளி தெரிந்தது. எந்தச் சமூகத்துக்கு இந்தப் பணி மிகவும் தேவையோ அந்தச் சமூகத்திலிருந்து வருபவர்களையே தேர்வு வடிகட்டினால், தொழிலின் நோக்கமே அடிபடும். இந்தியாவில் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கும் நுழைவுத் தேர்வு ஒன்று வந்தால் இதே விளைவு ஏற்படும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாவது, அனுபவசாலிகளின் நிலை. இருபது ஆண்டுகளாகக் கொத்தடிமைத் தொழிலாளர்களை மீட்டுவரும் ஒருவர் பட்டம் பெறாதவராக இருக்கலாம். சட்டம் வந்த நாளில் அவர் அந்நியராகிவிடக் கூடாது.

மூன்றாவதை நான் எல்லாவற்றையும்விடக் கவலைக்குரியதாகக் கருதுகிறேன். சமூகப் பணிக்கான உலகளாவிய வரையறை 2014-இல் மெல்பர்னில் ஏற்கப்பட்டபோது, சமூக நீதியும் மனித உரிமையும் அதன் நடுவில் வைக்கப்பட்டன. காப்பகத்தில் நடக்கும் கொடுமையையோ, மாற்று இடமின்றிக் குடிசைகள் அகற்றப்படுவதையோ வெளியே சொல்வது இந்தத் தொழிலின் கடமைகளில் ஒன்று. அப்படிச் சொல்லும்போது பெரும்பாலும் அரசுதான் எதிர்த்தரப்பில் நிற்கிறது. பதிவை நீக்கும் அதிகாரம் முழுக்க அரசு நியமிக்கும் உறுப்பினர்களிடம் இருந்தால், அது வாயை மூடவைக்கும் கருவியாகிவிடும். ஆகவே கவுன்சிலில் தேர்ந்தெடுக்கப்பட்ட தொழில் உறுப்பினர்களும், சேவை பெற்றவர்களின் சார்பாக வரும் உறுப்பினர்களும் இடம்பெற வேண்டும். பதிவு நீக்கத்துக்கு எதிராக நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமையும் வேண்டும். இவை இல்லாத சட்டத்தைவிடச் சட்டம் இல்லாமையே மேல்.

மசோதா வந்தால் எங்கே பார்க்க வேண்டும்

1. வரையறைப் பிரிவு: தன்னார்வத் தொண்டர்கள் வெளிப்படையாக விலக்கப்பட்டிருக்கிறார்களா? மனிதவளப் பிரிவில் இருப்பவர்களின் நிலை சொல்லப்பட்டிருக்கிறதா?

2. களப்பயிற்சி: தொலைநிலைக் கல்வியிலும் சமூகப் பணிப் பட்டம் கிடைக்கும் நாட்டில், மேற்பார்வையுடன் கூடிய களப்பணி எத்தனை மணி நேரம் என்பது எண்ணில் எழுதப்படாவிட்டால், நுழைவுத் தகுதி என்பது வெறும் சான்றிதழ் எண்ணாகிவிடும்.

3. இடைக்கால ஏற்பாடு: அனுபவத்தின் அடிப்படையில் பதிவு பெறுவதற்கான வழியும், அதற்குரிய கால எல்லையும்.

4. முறையீடு: எழுத்தறிவு இல்லாத ஒருவர் தன் மொழியில், கட்டணமின்றி, தன் மாவட்டத்திலிருந்தே புகார் தர முடியுமா? தலைநகரில் ஆங்கிலத்தில் மட்டும் இயங்கும் விசாரணைக் குழுவால் மேலே சொன்ன தாய்க்குப் பயன் ஒன்றும் இல்லை.

5. 2021-ஆம் ஆண்டின் சட்டத்தோடு உறவு: மருத்துவமனைச் சமூகப் பணியாளர் இரண்டு கவுன்சில்களில் பதிவு செய்ய வேண்டுமா, ஒன்றில் செய்தால் போதுமா? ஒன்றில் தண்டிக்கப்பட்டவர் மற்றொன்றில் தொடரலாமா?

6. பிற சட்டங்களுக்கான திருத்தங்கள்: இது வழக்கமாக மசோதாவின் கடைசிப் பக்கங்களில் வரும், பலரும் படிக்காமல் விடுவார்கள். ‘சமூகப் பணியாளர்’ என்ற பெயர் காப்புக்குள் வந்த மறுநாளும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு மாறாமல் இருந்தால், பதிவு இல்லாத ஒரு சமூகவியல் பட்டதாரியை அதே பெயரில் குழுமத்தில் அமர்த்த ஒரு சட்டம் அனுமதிக்கும்; அந்தப் பெயரை அவர் பயன்படுத்தக் கூடாது என்று இன்னொரு சட்டம் சொல்லும். கட்டடக் கலைஞர்கள் வழக்கில் பணியிடப் பெயர் பற்றி எழுந்த சிக்கல் இங்கே எழும்போது, ஒரு குழுமத்தின் அமைப்பே செல்லுமா என்ற கேள்வியாக அது மாறும். அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை காத்திருக்க நேர்வது அதன் முன் நிறுத்தப்பட்ட சிறார்களின் வழக்குகளே.